சூப்பர் பௌல் குளிர்ல நடக்கட்டும், ஆனா ராத்திரில வேணாம்

குளிர் கால் வழியா தான் ஏறும். நியூ ஜெர்சில இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு இது தெரியல, ஒரு டிசம்பர் மாசம் மெட்லைஃப் ஸ்டேடியத்துல மேல் அடுக்குல உக்காந்து மேட்ச் பாத்தப்போ தான் புரிஞ்சுது. தெர்மல், ஸ்வெட்டர், ஜாக்கெட், குல்லா, ரெண்டு ஜோடி சாக்ஸ் எல்லாம் போட்டுக்கிட்டு தான் போனேன், ஆனா கீழ கான்கிரீட் ஆச்சே, ரெண்டாவது குவார்ட்டர் முடியறதுக்குள்ள கால் விரல் இருக்கா போயிருச்சான்னே தெரியல. பக்கத்து சீட்டு பெரியவர் ஒருத்தர் வீட்டுலேர்ந்து அட்டைப்பெட்டியைக் கிழிச்சு எடுத்துட்டு வந்து அது மேல கால் வெச்சுக்கிட்டு ஜம்முனு உக்காந்திருந்தாரு. என் மூஞ்சியப் பாத்து பாவப்பட்டு ஒரு துண்டு கிழிச்சுக் குடுத்தாரு, அது தான் காப்பாத்துச்சு. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டம்மா ஒண்ணு தான் கேட்டா: "ஏங்க, இதையே சோஃபால உக்காந்து பாத்தா பாயிண்ட் குறைச்சுக் குடுப்பாங்களா?"

(நான் மேட்ச்னு சொல்றது ஃபுட்பால், நம்ம ஊர்ல காலால உதைக்கறது இல்ல, இங்க அமெரிக்கால பந்தைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுவாங்களே, அது. அதோட சீசன் ஃபைனல் தான் சூப்பர் பௌல்.)

அப்பலேர்ந்து லஞ்ச் டைம்ல யாராவது "ஃபைனலை திறந்த ஸ்டேடியத்துல குளிர்ல வைக்கலாமா"ன்னு ஆரம்பிச்சா நானும் உள்ள பூந்துருவேன். சூப்பர் பௌலுக்கு ரொம்ப நாளா ஒரு கணக்கு இருக்கு. நடத்துற ஊர்ல அந்த சீசன்ல சராசரி வெப்பம் 50 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம்ம கணக்குல 10 டிகிரி, அதுக்குக் கீழ இருந்தா ஸ்டேடியத்துக்குக் கூரை இருக்கணும். அதனால தான் எப்ப பாரு மயாமி, நியூ ஆர்லியன்ஸ், கலிஃபோர்னியான்னே சுத்தும், மினியாபொலிஸ், டெட்ராய்ட் மாதிரி குளிர் ஊர்ல வெச்சாலும் கூரைக்கு அடியில தான். அந்த விதியைத் தளர்த்தி 2014 பிப்ரவரி 2ஆம் தேதி எங்க ஊருக்கு, கூரையே இல்லாத மெட்லைஃபுக்குக் குடுத்தாங்க. அய்யோ, அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா என்ன பேச்சு! பனிப்புயல் வந்தா சனிக்கிழமை வெக்கலாமா திங்கக்கிழமை வெக்கலாமான்னு மாற்று ஏற்பாடு வேற. ஒவ்வொரு சீட்டுலயும் குல்லா, கையைச் சூடாக்குற பாக்கெட், உதட்டுக்குப் பூசற தைலம்னு ஒரு பை வெச்சாங்க.

கடைசில என்ன ஆச்சு? மேட்ச் ஆரம்பிக்கறப்போ 9 டிகிரிக்கு மேலயே இருந்துச்சு. நம்ம ஊட்டில மார்கழில இதை விடக் குளிரும். அன்னிக்கு ஜனங்க நிஜமாவே கஷ்டப்பட்டது எதுனாலன்னா, சூட்டுனால! ஸ்டேடியத்துக்குப் போற வழியில ரயில் மாறுற ஸ்டேஷன்ல அத்தனை பேரும் குளிருக்கு பயந்து அடுக்கடுக்கா போட்டுக்கிட்டு வந்து நெருக்கத்துல மாட்டிக்கிட்டாங்க, புழுக்கம் தாங்காம சில பேர் மயங்கியே விழுந்துட்டாங்க.

மேட்ச்சும் ஒரு பக்க மேட்ச், சியாட்டில் 43, டென்வர் 8. முதல் பந்தே டென்வரோட குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறியற ஆள், பேய்டன் மேனிங் தலைக்கு மேல பறந்து போய் 12 செகண்ட்ல சியாட்டிலுக்கு ரெண்டு பாயிண்ட். அதுக்குக் காரணம் குளிர் இல்ல, சத்தம். மேனிங் சொன்னது, பந்தைப் பின்னாடி தள்ளிக் குடுக்கற சென்டருக்குச் சரியா கேக்கல. ஆனா மேட்ச் முடிஞ்சு விடியறதுக்குள்ள பனி கொட்டு கொட்டுன்னு கொட்டி திங்கக்கிழமை ஃபிளைட் எல்லாம் கேன்சல், அது அரை நாள் முன்னாடி வந்திருந்தா இந்த போஸ்ட்டை நான் வேற மாதிரி எழுதிட்டு இருப்பேன், அதையும் ஒத்துக்கறேன்.

இன்னொரு வேடிக்கை. திறந்த மைதானத்துல நடந்ததுலயே ரொம்பக் குளிரான சூப்பர் பௌல் எங்க ஊர் மேட்ச் இல்ல. 1972 ஜனவரில நியூ ஆர்லியன்ஸ்ல, டுலேன் ஸ்டேடியத்துல நடந்தது. 4 டிகிரி! சூடான ஊருன்னு நம்பித் தானே அங்க வெச்சாங்க. 2011ல டல்லாஸ் பக்கம் ஆர்லிங்டன்ல வெச்சப்போ அந்த வாரம் பூரா ஐஸ் மழை, கூரைலேர்ந்து ஐஸ் கட்டி சரிஞ்சு விழுந்து கீழ வேலை பாத்துட்டிருந்தவங்களுக்கு அடிபட்டுச்சு. கூரை போட்ட ஸ்டேடியத்துல, அந்தக் கூரைலேர்ந்தே!

நிஜமான குளிர்னா 1967 டிசம்பர் 31, க்ரீன் பே, லாம்போ ஃபீல்ட். ஐஸ் பௌல்னு பேரே வெச்சுட்டாங்க. மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். அந்த ஊர் டீம் பேக்கர்ஸோட கோச் வின்ஸ் லொம்பார்டி அந்த வருஷம் தான் பெருமையா தரைக்கு அடியில கரண்ட் கம்பி போட்டு சூடாக்குற சிஸ்டம் வெச்சிருந்தாரு. ராத்திரி பூரா தார்ப்பாய் போட்டு மூடி வெச்சாங்க, காலைல எடுத்தா அடியில ஒரே ஈரம், காத்து பட்டதும் அது அப்படியே ஐஸா உறைஞ்சு மைதானமே கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. ரெஃப்ரி விசில் ஊதுனா உலோக விசில் உதட்டோட ஒட்டிக்கிச்சு, பிச்சு எடுத்தா தோலும் சேர்ந்து வந்துச்சு, அப்புறம் மேட்ச் முழுக்க வாயாலயே கத்தி நடத்துனாங்க. 16 செகண்ட் இருக்கறப்போ, கோட்டுக்கு ஒரு யார்டு தூரம், டைம் அவுட்டும் கையில இல்ல, பந்தை வேற ஆள் கிட்ட குடுத்தா வழுக்கிருவான்னு பேக்கர்ஸ் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் தானே வெச்சுக்கிட்டு உள்ள பாய்ஞ்சாரு. பேக்கர்ஸ் 21, டல்லாஸ் கௌபாய்ஸ் 17. அன்னிக்கு வந்த கூட்டம் 50 ஆயிரம் சொச்சம், ஆனா விஸ்கான்சின்ல "நான் அங்க இருந்தேன்"னு சொல்றவங்களை எண்ணுனா அஞ்சு ஸ்டேடியம் கட்டணும் போல.

சரி, அதுக்கும் சூப்பர் பௌலுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, அங்க தான் விஷயமே இருக்கு. லாம்போ பேக்கர்ஸோட சொந்த வீடு. இப்பல்லாம் ப்ளேஆஃப்ல, அதாவது சீசன் கடைசில நடக்கற நாக்அவுட் சுத்துல, சொந்த ஊர் மேட்ச் சும்மா கிடைக்காது, சீசன் முழுக்க ஜெயிச்சுச் சம்பாதிக்கணும். நீ கம்மியா ஜெயிச்சியா, எங்க ஊருக்கு வா, எங்க குளிர்ல ஆடு, அவ்ளோ தான். 1982 ஜனவரில சான் டியேகோ சார்ஜர்ஸ் ஒரு வாரம் மயாமில வேர்த்து விறுவிறுத்து ஓவர்டைம் வரைக்கும் ஆடி ஜெயிச்சாங்க, அடுத்த வாரம் சின்சினாட்டில மைனஸ் 23ல போய் நின்னாங்க. எதிர்ல அந்த ஊர் டீம் பெங்கால்ஸோட முன்வரிசை ஆளுங்க, லைன்மேன்லாம் முழுக்கை கூட போடாம வெறுங்கையோட நிக்கறான். பாதி மேட்ச் அங்கயே முடிஞ்சிருக்கும்! 27-7. பாவம் தான், ஆனா அநியாயம் இல்ல.

சூப்பர் பௌல் பொது இடம், ஊரை வருஷக்கணக்கா முன்னாடியே முடிவு பண்ணிடறாங்க. அங்க குளிர் யாரும் சம்பாதிச்சது இல்ல, அதனால வெக்கக் கூடாதுங்கறது எதிர்க்கட்சி வாதம். எனக்கு இது பாதி தான் சரின்னு படுது. கூரைக்கு அடியில காத்து இல்லாம வழுக்காத தரைல வெச்சா வேகமா ஓடற, தூரமா எறியற டீமுக்கு அது கொண்டாட்டம் இல்லையா? அதை மட்டும் யாரு சம்பாதிச்சா?

பந்து மாறுதுங்கறது உண்மை. குளிர்ல உள்ள இருக்கற காத்து சுருங்கும், ஏறக்குறைய 11 டிகிரி செல்சியஸ் இறங்குனா காத்தழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறையும், தோலும் ரப்பரும் விறைச்சு செங்கல்லை உதைக்கற மாதிரி இருக்கும். ஆனா எல்லாத்தையும் குளிர் தலைல கட்டாதீங்க. 2016 ஜனவரில மினியாபொலிஸ்ல மைனஸ் 21ல அந்த ஊர் டீம் வைக்கிங்ஸோட கிக்கர் ப்ளேர் வால்ஷ் கடைசி நிமிஷத்துல 27 யார்டு கிக்கை இடது பக்கம் விட்டாரு, சியாட்டில் 10-9ன்னு தப்பிச்சுது. எல்லாரும் குளிர் குளிர்னாங்க. அந்த 9 பாயிண்ட்டும் அதே ஆள், அதே குளிர்ல, அதே பந்தை உதைச்சு எடுத்தது தானே.

எனக்கு ஆட்டக்காரங்களைப் பத்திக் கவலையே இல்ல. அவங்களுக்கு ஓரத்துல சூடான பெஞ்ச் இருக்கு, ஹீட்டர் இருக்கு, டாக்டர் இருக்காரு. மேல உக்காந்திருக்கறவனுக்கு என்ன இருக்கு, ஒரு அட்டை. 2024 ஜனவரில கான்சஸ் சிட்டில சீஃப்ஸ், டால்ஃபின்ஸ் ப்ளேஆஃப், மைனஸ் 20. டிவில கோச் ஆண்டி ரீட் மீசைல ஐஸ் தொங்கறதை திரும்பத் திரும்பக் காட்டி எல்லாரும் சிரிச்சோம், நானும் தான் சிரிச்சேன். அந்த மேட்ச்சுக்குப் போன சில ரசிகர்களுக்கு உறைபனில விரல் செத்துப் போய் அப்புறம் வெட்டி எடுக்க வேண்டியதாயிருச்சு. அந்த மேட்ச் ஆரம்பிச்சது எத்தனை மணிக்கு தெரியுமா? ராத்திரி ஏழு மணிக்கு, சனிக்கிழமை. ஐஸ் பௌல் கூட பட்டப்பகல்ல தான் நடந்துச்சு.

ஊரைத் திட்டறோம், வானத்தைத் திட்டறோம், மணியை மட்டும் யாரும் பேசறதில்ல. சூப்பர் பௌல் நியூயார்க் நேரப்படி சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பிக்குது, அது மொத்தமா டிவிக்காகப் போட்ட நேரம். பிப்ரவரில இங்க அதுக்குள்ள கும்மிருட்டு. மதியம் ஒரு மணிக்கு வெச்சா வெயிலாவது முதுகுல அடிக்கும்.

மறுபடியும் எங்க ஊருக்குக் குடுங்க, மதியத்துல வெய்ங்க. டிக்கெட் விலைக்கு வீட்டுல என்ன சொல்றதுன்னு தான் தெரியல. அந்தப் பெரியவர் குடுத்த அட்டை இன்னும் கார் டிக்கில தான் கிடக்கு, வீட்டம்மா ரெண்டு தடவை ரீசைக்கிள்ல போட்டா, ரெண்டு தடவையும் போய் எடுத்துட்டு வந்துட்டேன்.