பசியாறும் கடையில் 73939133

மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் எண் என்றால் பெரும்பாலும் ரெண்டே வகைதான்: லாரி நம்பர், லாட்டரியில் கட்டும் நாலு இலக்க ‘நாலு நம்பர்’. எனக்குப் பிடித்தது 73939133.

இது பகா எண். 1-ஐயும் தன்னையும் விட்டால் வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாது. அதில் என்ன இருக்கிறது, பகா எண்களுக்குத்தான் முடிவே கிடையாதே! இதன் கூத்து வேறு. கடைசி இலக்கத்தை வெட்டுங்கள்: 7393913. அதுவும் பகா எண். வெட்டிக்கொண்டே போங்கள்: 739391, 73939, 7393, 739, 73, 7. அத்தனையும் பகா எண்!

இப்படிப்பட்டவை மொத்தமே 83தான். ஆகப் பெரியது இதுதான். ஏன் இதற்குமேல் வளரவில்லை? பின்னால் இரட்டைப்படை இலக்கத்தை ஒட்டினால் 2 வகுத்துவிடும், 5 ஒட்டினால் 5 வகுத்துவிடும். மிச்சம் 1, 3, 7, 9. சரி, 1 ஒட்டுவோம்: இலக்கங்களைக் கூட்டினால் 39, ஆக மூன்றால் வகுபடும். 7 ஒட்டினால் 45, அதே கதை. 3, 9 இரண்டுக்கும் இந்தக் குறுக்குவழி உதவாது. வேறு எண்கள் வந்து வகுத்துவிடுகின்றன.

காலையில் பசியாறும்போது ரொட்டி சானாய்க் கடை பில்லின் பின்பக்கம் இதை எழுதிக் காட்டினேன். செம்பனை லாரி ஓட்டும் மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏன் தம்பி, முன்னாடி நாலை எடுக்கவா, பின்னாடி நாலை எடுக்கவா?"