பூச்சிய வரிசை வந்தால் உடனே நம்பாதீர்கள்

திருகோணமலையில் மீன்பிடி வலை, நைலோன் கயிறு, எஞ்சின் உதிரிப்பாகம், பெயின்ட் எல்லாம் விற்கும் கடை ஒன்று. கிண்ணியாவிலும் மூதூரிலும் கிளை இருக்கிறது. அவர்களுடைய கணக்கைப் பழைய பில்லிங் சொஃப்ட்வெயரிலிருந்து புதியதற்கு மாற்றிக் கொடுக்கும் அலுவல் என் தலையில் விழுந்தது. சாமான் பட்டியல், சப்ளையர் பட்டியல், ஸ்டொக் எல்லாம் எக்செலில் இறக்கி ஏற்றியாகிவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மாட்டிக்கொண்டது கடன் பாக்கியில்தான். சீசனுக்கு வலை எடுத்துக்கொண்டு, மீன் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிற வாடிக்கையாளர்கள் இவர்கள். எந்த பில்லில் எவ்வளவு மிச்சம் என்பது தெரியாமல் புதிய சொஃப்ட்வெயரில் ஏற்றினால் நாளைக்குக் கடை வாசலில் சண்டைதான். பழைய சொஃப்ட்வெயரின் ரிப்போர்ட்டோ ஆளுக்கு ஒரு மொத்தத் தொகையை மட்டும் காட்டும். பில்வாரியாக வேண்டுமென்றால் டேட்டாபேஸுக்குள் இறங்கி, எந்த டேபிள் எதோடு சேருகிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

விற்ற கொம்பனியிடம் டேபிள் விபரம் கேட்டோம். ஃபோனில் பதில் இல்லை. சரி, நேரில் போவோம் என்று இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனேன். முன் மேசையில் இருந்தவர் என் கதையை முழுதாகக் கேட்கவேயில்லை. "தம்பி, அது கொம்பனி ரகசியம். ஈமெயில் ஒண்டு போடுங்கோ, பாப்பம்" என்றார். ஈமெயில் போடத்தான் ஹபரணை வழியாக இவ்வளவு தூரம் நித்திரை முழித்து வந்தேனா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

முதலாளி நேரடியாக எடுத்துக் கத்திய பிறகு ஒரு லொகின் வந்தது. வாசிக்க மட்டும் அனுமதி. மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸ் என்பதால் வழக்கம்போல சிஸ்.ஃபாரின்_கீஸ் என்ற கெட்டலொக் வியூவைக் கேட்டேன். ஒரு டேபிள் இன்னொரு டேபிளோடு எப்படிச் சேருகிறது என்று பதிந்து வைக்கிற தொடர்புதான் ஃபாரின் கீ. டேட்டாபேஸ் தன் அமைப்பைத் தானே பட்டியலிட்டுக் காட்டுகிற இடம்தான் கெட்டலொக் வியூ. பூச்சிய வரிசை. பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை, வெறும் தலைப்பு மட்டும். சப்போர்ட்டுக்கு எடுத்தால், "எங்கட சொஃப்ட்வெயர்ல தொடர்பெல்லாம் புரோகிராம் கோடுக்குள்ள இருக்குது அண்ணா, டேட்டாபேஸ்ல ஒண்டும் இல்ல" என்று அடித்துச் சொன்னார் அந்தப் பையன். அதில் பாதி உண்மை என்பதுதான் இப்போதும் எரிச்சல். முழுப் பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். எஸ்கியூஎல் சர்வர் 2005இலிருந்து, உங்கள் லொகினுக்கு எந்த அனுமதியும் இல்லாத டேபிள் கெட்டலொக் வியூக்களில் உங்கள் கண்ணுக்கே தெரியாது. "உனக்கு அனுமதி இல்லை" என்றுகூடச் சொல்லாது, அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை என்பதுபோல இருந்துவிடும். டேபிளே தெரியாதபோது அதன் ஃபாரின் கீ எங்கிருந்து தெரியும்? எனக்குத் தந்த லொகினில் சிஸ்.டேபிள்ஸும் காலி. சிஸ்.வியூஸில் மட்டும் ரிப்போர்ட்டுக்கான வியூக்கள், அதாவது பெயர் வைத்துச் சேமித்த கேள்விகள், வரிசையாக நின்றன. அவற்றை வாசிக்கலாம், ஆனால் அவை எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்க்கப் போனால் டெஃபினிஷன் கொலத்தில் நல், அதாவது வெறுமை, என்று வரும்.

ஆகவே புது லொகின் கைக்கு வந்தால் முதல் வேலையாக, உங்களுக்கு என்னென்ன அனுமதி உண்டு என்று காட்டும் எஃப்என்_மை_பேர்மிஷன்ஸ் ஃபங்ஷனை டேட்டாபேஸ் மட்டத்தில் ஓடவிடுங்கள். வருகிற பட்டியலில் வியூ டெஃபினிஷன் (அமைப்பைப் பார்க்கும் அனுமதி) இல்லையென்றால், பூச்சிய வரிசைக்கு இரண்டு அர்த்தம் உண்டு: ஒன்றுமே இல்லை, அல்லது உங்களுக்குக் காட்டவில்லை. கேட்கும்போதே வியூ டெஃபினிஷன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "வாசிக்கிற அனுமதி தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எனக்குத் தந்ததைத்தான் உங்களுக்கும் தருவார்கள். ரிலேஷனல் டேட்டாபேஸ் (டேபிள்களைத் தொடர்புபடுத்தி வைக்கிற டேட்டாபேஸ்) என்றால் என்ன என்று, அந்த முறையை முதலில் முன்வைத்த எட்கர் கொட் 1985இல் எழுதிய விதிகளில் நான்காவது, டேட்டாபேஸின் அமைப்பையே அதே மொழியில் கேட்டு அறிய முடிய வேண்டும் என்கிறது. அனுமதி பெற்றவர்களுக்கு என்ற நிபந்தனையும் அதே விதியில் உண்டு. நாங்கள் மாட்டியது அந்த நிபந்தனையில்.

நானும் அந்த அனுமதியைக் கேட்டேன், கொம்பனி இதற்கும் பதில் போடவில்லை. வழி கடைக்குள்ளேயே இருந்தது. கடையில் உள்ள சர்வர் கொம்பியூட்டர் ஒவ்வொரு இரவும் பேக்கப் எடுத்து இன்னொரு டிரைவில் போடுகிறது. ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தோம். தரவு கடைக்குச் சொந்தம் என்று தெளிவாக இருந்தது. முதலாளியிடம் ஒரு கடிதமும் எழுதி வாங்கிக்கொண்டு, பேக்கப் ஃபைலைப் பென் டிரைவில் எடுத்து வந்து என் லாப்டொப்பில் ரிஸ்டோர் செய்தேன். சொந்த சர்வரில் நானே நிர்வாகி, மறைக்க ஆளில்லை. இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பே போதும், டேட்டாபேஸ் 10 ஜிபிக்குள் (2025 வேர்ஷனில் 50 ஜிபிக்குள்) இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் புதிய வேர்ஷனில் எடுத்த பேக்கப் பழைய வேர்ஷனில் ஏறாது. என் லாப்டொப்பில் இருந்தது பழையது. புதியதை இறக்கிப் போடுவதிலேயே ஒரு பின்னேரம் போய்விட்டது. பேக்கப்பை எடுக்கும்போதே கடை சர்வரின் வேர்ஷனையும் குறித்துக்கொண்டு வந்தால் அந்தப் பின்னேரம் மிச்சம்.

இப்போது அதே கேள்விக்கு வரிசைகள் வந்தன! பெரிய கூட்டமில்லை, ஆனால் இருந்தன. "ஒண்டும் இல்ல" என்ற பையனை நினைத்துக்கொண்டேன்.

சிஸ்.ஃபாரின்_கீ_கொலம்ஸை வைத்து எந்த டேபிளின் எந்தக் கொலம் எதைக் காட்டுகிறது என்று எடுப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு இடத்தில் மட்டும் அவதானம் வேண்டும். பேரன்ட்_ஒப்ஜெக்ட்_ஐடி என்று வருவது தாய் டேபிள் இல்லை, ஃபாரின் கீயை வைத்திருக்கிற பிள்ளை டேபிள். அது சுட்டுகிற தாய் டேபிள் ரெஃபரன்ஸ்ட்_ஒப்ஜெக்ட்_ஐடியில் இருக்கும். தலைகீழாகப் படம் வரைந்துவிட்டு முழி பிதுங்கியவர்கள் நிறையப் பேர். மற்றது, அந்த வியூ ஒரு கொலத்துக்கு ஒரு வரிசை தரும். இரண்டு கொலம் சேர்ந்து ஒரே கீயாக இருந்தால் இரண்டு வரிசை வரும், அதை இரண்டு தனித் தொடர்பு என்று எடுத்துவிடக் கூடாது. கொன்ஸ்ட்ரெயின்ட் ஐடியால் (ஒவ்வொரு ஃபாரின் கீக்கும் உள்ள எண்) சேர்த்துப் பாருங்கள்.

இந்தக் கடையில் அதுதான் உயிர்நாடி. பில் நம்பர் கிளைக்குக் கிளை ஒன்றிலிருந்து தொடங்குகிறது. 2315 என்ற பில் திருகோணமலையிலும் உண்டு, கிண்ணியாவிலும் உண்டு, மூதூரிலும் உண்டு. கிளைக் குறியீட்டையும் (கோட்) பில் நம்பரையும் சேர்த்துத்தான் பில்லையும் அதன் சாமான் வரிசைகளையும் இணைக்க வேண்டும். நம்பரை மட்டும் வைத்து ஜொயின் போட்டால், மூதூரில் பெயின்ட் வாங்கியவர் தலையில் கிண்ணியாக்காரரின் வலை ஏறிவிடும்.

வந்த ஃபாரின் கீகளிலும் சிலவற்றில் இஸ்_நொட்_டிரஸ்டட் என்ற கொலம் 1 என்று இருந்தது. பழைய தரவைச் சரிபார்க்காமல் அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தொடர்பு காகிதத்தில் உண்டு, உள்ளே தாயில்லாப் பிள்ளைகள் இருக்கலாம். பார்த்தால் இருந்தன. வாடிக்கையாளர் பட்டியலில் ஆளே இல்லாத பில்கள்.

எனக்கு உண்மையில் தேவைப்பட்ட இடத்தில், அதாவது பில்லுக்கும் கட்டிய காசு ரசீதுக்கும் இடையில், ஃபாரின் கீ எதுவும் இல்லை. பையன் சொன்னதில் அந்தப் பாதிதான் உண்மை.

இனி ஊகம்தான். முதலில் சிஸ்.பார்ட்டிஷன்ஸில் இன்டெக்ஸ் ஐடி 0 அல்லது 1 உள்ள வரிசைகளை எடுத்து, ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை வரிசை இருக்கிறது என்று பார்த்தேன். காலியாகக் கிடந்த டேபிள்களை ஒதுக்கியதும் காடு பாதி வெளித்துவிட்டது. பிறகு இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.கொலம்ஸில் ஒரே பெயரும் ஒரே டேட்டா டைப்பும் எந்தெந்த டேபிளில் வருகிறது என்று குழுவாக்கினேன். ஐடி என்ற வெறும் பெயர் எல்லா டேபிளிலும் இருப்பதால் அதை விட்டுவிடுங்கள், குப்பைதான் கூடும். பெயர் பொருந்தினாலும் அப்படியே ஏற்கக் கூடாது. பிள்ளை டேபிளிலிருந்து தாய்க்கு லெஃப்ட் ஜொயின் (தாய் கிடைக்காத பிள்ளையையும் விடாமல் காட்டும் இணைப்பு) போட்டு, பொருந்தாமல் நிற்பதை எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு நின்றால் பழைய குப்பை. பாதிக்கு மேல் நின்றால் நீங்கள் நினைத்த தொடர்பு இல்லை, அல்லது வடிவம் வேறு. இங்கே வாடிக்கையாளர் கோட் ஒரு டேபிளில் முன்னால் பூச்சியம் வைத்த எழுத்து, இன்னொன்றில் வெறும் எண். 00417 என்பதும் 417 என்பதும் ஒரே ஆள். இரண்டையும் எழுத்தாக வைத்து ஒப்பிட்டால் ஒருவரையொருவர் தெரியாத மாதிரி நிற்பார்கள்.

ரசீது டேபிளில் தொடர்பு எண் என்று ஒரு கொலம் இருந்தது. அதில் உள்ள எண்கள் சில பில் டேபிளில் பொருந்தின, சில திரும்பி வந்த சாமான் டேபிளில் பொருந்தின, சில இரண்டிலுமே பொருந்தின. பாக்கி இரட்டிப்பாகி வந்தது. ஒரே கொலம் வரிசைக்கு வரிசை வேறு வேறு டேபிளைக் காட்டுகிறது போலிருக்கிறது, பக்கத்தில் உள்ள வகைக் கோட்தான் எது எங்கே என்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கொலத்துக்கு ஃபாரின் கீ போடவே முடியாது, ஏனென்றால் ஒரு ஃபாரின் கீ ஒரு டேபிளைத்தான் காட்டும். ஆகவே மெட்டாடேட்டாவில் (அமைப்பு விபரத்தில்) எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. வகைக் கோட் 1, 2, 5, 7 என்று கிடந்தது. எந்த எண் எது என்று எந்த டேபிளிலும் இல்லை.

பதில் வந்த இடம்தான் வேடிக்கை. அந்தப் பழைய லொகினில் எனக்குக் காட்டிய ரிப்போர்ட் வியூக்கள் இருந்தனவே, அவற்றின் டெஃபினிஷன் இப்போது என் லாப்டொப்பில் சிஸ்.எஸ்கியூஎல்_மொடியூல்ஸில் முழுதாகத் திறந்து கிடந்தது. வியூவை எழுதியவர் ஜொயின் போடாமல் எழுத முடியாதே. எந்த டேபிள், எந்தக் கொலம், எந்த வகைக் கோடுக்கு எது என்று எல்லாம் கேஸ் வென் என்ற நிபந்தனை வரிகளில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். ஸ்டோர்ட் புரொசீஜர்களை என்கிரிப்ட் செய்து வைத்தவர்கள் வியூக்களை மறந்துவிட்டார்கள். கொம்பனி ரகசியத்தை முதல் நாளே என் கையில் தந்து, மூடியை மட்டும் பூட்டி வைத்திருந்திருக்கிறார்கள். ஃபாரின் கீ இல்லாத எந்த டேட்டாபேஸிலும், பெயர் பொருத்தம் பார்த்து நேரத்தைக் கொல்வதற்கு முன் வியூக்களை வாசியுங்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

7 மட்டும் எந்த வியூவிலும் இல்லை. காசாளர் அக்காவிடம் கேட்டேன். கணினிப் பக்கம் திரும்பாமலே, "அது காசோலை திரும்பினா போடுற நம்பர் தம்பி. அப்ப கடன் திரும்பக் கூடும், குறையாது" என்றார். கழிக்க வேண்டிய இடமில்லை, கூட்ட வேண்டிய இடம். எந்தக் கெட்டலொக்கிலும் இது எழுதியிருக்காது.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வாடிக்கையாளர்களின் தமிழ்ப் பெயர்கள் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டு சாதாரண வார்கார் கொலத்தில் கிடக்கின்றன. அம்மா என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள். பெயரை வைத்து ஆளைத் தேடலாம் என்று நினைக்காதீர்கள். வாடிக்கையாளர் கோட் எண்ணை வைத்து இணைத்துவிட்டு, பெயரைக் கடைசியில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதைப் போடும் கொலம் யுனிகோட் ஏற்கும் என்வார்கார் ஆக இருக்க வேண்டும், கேள்வியில் மேற்கோளுக்கு முன்னால் N என்ற ஆங்கில எழுத்தும் வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

எல்லாம் சேர்த்து எடுத்த பட்டியலை அக்காவின் கடன் கொப்பியோடு வைத்துப் பார்த்தோம். சொஃப்ட்வெயரை நம்பாமல் அவர் கையால் எழுதி வருகிற கொப்பி அது. உள்துறைமுகப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர்தான் முதல் ஆள்: மூன்று பில், இடையில் திரும்பிய காசோலை ஒன்று. சதம் பிசகாமல் வந்தது. அக்கா அடுத்த பக்கத்தைப் புரட்டினார், அதுவும் சரி. பிசகிய சில பெயர்கள், முன்பே சொன்ன ஆளில்லாத பில்கள். அவற்றை முதலாளி பார்த்துத் தீர்த்து வைப்பதாகச் சொல்லிவிட்டார்.

கண்டுபிடித்த தொடர்புகளை எங்கோ ஒரு எக்செலில் எழுதி வைத்தால் அடுத்த வருடம் அது எங்கே என்று யாருக்கும் தெரியாது. எஸ்பி_அட்எக்ஸ்டென்டட்ப்ரொப்பர்ட்டி என்ற கட்டளை கொண்டு எம்எஸ்_டிஸ்கிரிப்ஷன் என்ற பெயரில் ஒவ்வொரு கொலத்தோடும் "வகை 7 என்றால் திரும்பிய காசோலை, கூட்டுக" என்பதுபோலக் குறிப்பு சேர்த்துவிட்டேன். சிஸ்.எக்ஸ்டென்டட்_ப்ரொப்பர்ட்டீஸைக் கேட்டால் கொலத்தின் பக்கத்திலேயே வரும். இது என் லாப்டொப் பிரதியில் மட்டும்தான். கடை சர்வரிலிருந்து புதிய பேக்கப்பை மேலே ரிஸ்டோர் செய்தால் எல்லாம் அழிந்துவிடும், ஆகவே குறிப்புகளைச் சேர்க்கும் ஸ்கிரிப்டைத் தனி ஃபைலாக வைத்து, ஒவ்வொரு ரிஸ்டோருக்குப் பிறகும் ஓடவிடுகிறேன்.