சித்தப்பா கல்யாண வீடியோ காக்கா விரட்டிய கதை

ஒரு சாமானை ஒரே வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது அப்பத்தா கணக்கில் ஊதாரித்தனம். ஒடிந்த குடையின் கம்பி சாக்கடை அடைப்பு எடுக்கும். கிழிந்த நைலக்ஸ் சேலை மூன்று புரியாகப் பின்னி வாசல் மிதியடி ஆகும். கரைந்துபோன சோப்புத் துண்டுகள் பழைய சாக்ஸுக்குள் போய்ப் பாத்திரம் தேய்க்கும். இந்த வித்தையெல்லாம் மொத்தமாக அரங்கேறுகிற இடம் மொட்டைமாடி, மாசம் பங்குனி, அதற்குச் சாக்கு, கூழ் வத்தல்.

பங்குனிக்கு மேல் தள்ளிப்போடவே கூடாது. மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் வெயில் கொளுத்தும்தான், ஆனால் சாயங்காலம் திடுதிப்பென்று இடி இடித்து ஊற்றிவிட்டுப் போகும். பாதி காய்ந்த வத்தல் நனைந்தால் மறுபடியும் கூழ்தான். துணியோடு சுருட்டி மாட்டுக்கு வைக்க வேண்டியதுதான்.

அப்பத்தா செய்முறை எழுதி வைத்ததே இல்லை. "கையளவு, கண்ணளவு, அம்புட்டுத்தான்" என்று முடித்துவிடும். அந்தக் கை யாருடைய கை என்பதில்தான் சிக்கல். அப்பத்தாவின் கைப்பிடிக்கும் சின்ன மருமகளின் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு ரத்தக்கொதிப்பு மாத்திரை அளவு வித்தியாசம் உண்டு. அதனால் போன வருஷம் பெரிய மருமகள் ஒரு காரியம் செய்தார். அப்பத்தா கல்லுப்பை அள்ளி அண்டாவுக்கு நேராகக் கொண்டுபோகும்போது குறுக்கே டிஜிட்டல் தராசை நீட்டிவிட்டார். 41 கிராம். "இன்னொரு தடவை அள்ளுங்கத்தை." 40. மறுபடியும் 41. மூன்றாம் தடவை கையைத் தராசிலேயே உதறிவிட்டு, "ஏத்தா, என்னைய ரேஷன் கடையில வேலைக்குச் சேத்துருக்கியா?" என்று முறைத்துவிட்டு அப்பத்தா கீழே இறங்கிப் போய்விட்டது. அந்தக் கோபத்தின் புண்ணியத்தில்தான் இன்று வீட்டில் ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு கிலோ பச்சரிசி மாவு. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மில்லில் நைசாக அரைத்தது. ஜவ்வரிசி 100 கிராம், முதல் நாள் ராத்திரியே ஊறியிருக்க வேண்டும். தண்ணீர் நாலரை லிட்டர். கல்லுப்பு 40 கிராம். பச்சை மிளகாய் 100 கிராம், உப்போடு சேர்த்து அரைத்தது. சீரகம் இரண்டு டீஸ்பூன், பெருங்காயம் கொஞ்சம், எலுமிச்சம்பழம் நாலு. மூன்றரை லிட்டர் தண்ணீரில் உப்பு, மிளகாய், பெருங்காயம், ஜவ்வரிசி எல்லாம் போட்டு, ஜவ்வரிசி கண்ணாடியாகும்வரை கொதிக்கவிட வேண்டும். மிச்சம் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து அதில் ஊற்றிக் கிளற வேண்டும். மாவை நேரே கொதிநீரில் கொட்டினால் கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கட்டி விழும். அது அச்சுக் கண்ணை அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும்.

சின்னத் தீயில் 25 நிமிஷம், கை ஓயாமல். கூழ் பளபளவென்று நிறம் மாறும். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். வேகாத கூழில் போட்ட வத்தல் காயும்போதே விரிசல் விடும், எண்ணெயில் போட்டால் பொரியாது, பல்லை மட்டும் பதம் பார்க்கும். எலுமிச்சைச்சாறும் சீரகமும் அடுப்பை அணைத்த பிறகுதான். சாற்றைக் கொதிக்கவிட்டால் கசக்கும்.

ருசி பார்க்கும் இடத்தில்தான் புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் விழுவார்கள். கூழை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பே இல்லாத மாதிரி இருக்கும். உடனே கை பரபரக்கும். ஐந்தரைக் கிலோவுக்கு மேல் இருக்கிற கூழ் காய்ந்து முடிக்கும்போது ஒரு கிலோ சொச்சம்தான் மிஞ்சும். தண்ணீர் போய்விடும், உப்பு எங்கே போகும்? கூழில் சரியாக இருந்தால் வத்தலில் ஐந்து மடங்கு கரிக்கும். "கூழு சப்புன்னு இருந்தாத்தான் வத்தல் வத்தலா இருக்கும்" என்று அப்பத்தா சொல்லும். இதைத் தெரிந்தே எந்த மருமகளிடமும் முதல் வருஷம் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

காலை நாலரைக்கு அடுப்பு பற்றினால் ஏழு மணிக்குள் பிழிந்து முடிக்கலாம். ஆறிய கூழ் இறுகிவிடும், அச்சைத் திருகினால் தோள்பட்டைதான் இறங்கும். விரிப்பதற்கு ஐயாவின் பழைய எட்டு முழ வேட்டியை நனைத்துப் பிழிந்து போடும். பிளாஸ்டிக் ஷீட் அப்பத்தாவுக்கு ஆகாது, அடிப்பக்கம் வியர்த்துக் கிடக்கும் என்று சொல்லும். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கம் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிஷம் விட்டால் வத்தல் முழுசாக உரிந்து வரும். உரித்ததைத் தாம்பாளத்தில் இன்னும் இரண்டு நாள் காயவைத்து, ஒடித்தால் 'டக்'கென்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூஞ்சை பிடிக்கும்.

வேட்டியின் கதி என்ன? கஞ்சி போட்ட மாதிரி விறைத்துத் தானாகவே நிற்கும். அதைப் பச்சைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு இரண்டு தடவை அலச வேண்டும். ஒரு வருஷம் அவசரத்தில் ஒரே அலசோடு மடித்து வைத்துவிட்டார்கள். ஐயா அதைக் கட்டிக்கொண்டு பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போனார். அரைத்த பச்சை மிளகாய் துணியில் அவ்வளவு சீக்கிரம் போகாது. பேச்சை ஆரம்பிக்காமலே திரும்பி வந்தவர் நேரே கிணற்றடிக்குப் போனார்.

அச்சில் பிழிவது மருமகள்கள் வேலை. அப்பத்தாவுடையது எழுத்து வத்தல். அரை லிட்டர் பால் பாக்கெட்டைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் ஆறின கூழை நிரப்பி, மூலையில் அரிசி அகலத்துக்கு வெட்டி, மருதாணி கோன் மாதிரி பிடித்துப் பேரன் பேத்தி ஏழு பேரின் முதலெழுத்தையும் எழுதும். பள்ளிக்கூடமே போகாத கை. நாள்காட்டியைப் பார்த்துப் பழகின எழுத்து. பொரிந்தால் இரண்டு மடங்குக்கு மேல் உப்பும் என்பதால் எழுத்துக்கு உள்ளே ஒரு விரற்கடையாவது இடம் விட வேண்டும். ப, ட, ய பிரச்சினை இல்லாதவை. சுழி வந்தாலே தகராறு. 'ண' எண்ணெய்க்குள் போனால் மூன்று சுழியும் ஒட்டிக்கொண்டு பணியாரமாக வெளியே வரும். 'ரா'வில் தொடங்கும் பேரனுக்கு இன்னொரு சோதனை: உரிக்கும்போதே துணைக்கால் தனியாகக் கழன்றுவிடும். அவனுக்கு மட்டும் இரண்டு வத்தல் என்று மற்றவர்கள் சண்டை பிடிப்பார்கள். பொரிக்கும்போது எழுத்து சுருளாமல் இருக்க அகலமான சட்டி, நன்றாகக் காய்ந்த எண்ணெய், ஜல்லிக்கரண்டியால் மேலே ஒரு அமுக்கு, மூன்று நாலு நொடி, அவ்வளவுதான். எண்ணெய் காயாவிட்டால் உள்ளே இருக்கும் கடைசிச் சொட்டு ஈரம் ஆவியாகித் தள்ளாது. வத்தல் எண்ணெயைக் குடித்துக்கொண்டு கல்லாகக் கிடக்கும்.

இப்போது காக்காய்.

கறுப்புக் குடை விரித்து வைப்பது ஊர் வழக்கம். எங்கள் தெருக் காக்காய்கள் இரண்டாம் நாளே குடை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டன. பேரப்பிள்ளைகளைக் காவல் வைத்தால் அது அதைவிட மோசம். மத்தியானத்துக்கு மேல் பாதி காய்ந்து, மேலே மொறுமொறுப்பும் உள்ளே மெத்தென்றும் இருக்கிற ஈர வத்தலுக்கு ஈடு கிடையாது. "காக்கா தின்னது பத்து, காவக்காரன் தின்னது நாப்பது" என்று அப்பத்தா கணக்கு சொல்லிவிட்டு, காவல் கூலிக்கென்றே ஒரு மூலையில் தனியாகக் கொஞ்சம் ஊற்றி வைக்கும்.

கடைசியில் பரணிலிருந்து சித்தப்பாவின் கல்யாண வீடியோ கேசட் இறங்கியது. வயல்காட்டில் நாடா கட்டிக் குருவி விரட்டுவதை அப்பத்தா பார்த்திருக்கிறது. அரை அங்குல நாடா, காற்றில் மின்னும், விர்ரென்று முனகும். அதற்கும் பக்குவம் உண்டு. இழுத்துக் கட்டினால் அறுந்துவிடும். தொளதொளவென்று விட்டால் வத்தலில் வந்து ஒட்டும். இரண்டு முறுக்குக் கொடுத்துக் கட்டினால்தான் பளிச்சென்று மாறி மாறி அடிக்கும். காயப்போடுகிற மூன்று நாள் மட்டும்தான் கட்ட வேண்டும். வருஷம் முழுக்கத் தொங்கினால் காக்காய் அதில் ஊஞ்சல் ஆடும். நாலு ஸ்டூல், குறுக்கும் நெடுக்குமாக நாடா, அறுந்ததெல்லாம் சேர்த்து 60 மீட்டர் ஓடியிருக்கும். மூன்று மணி நேரக் கேசட்டில் மொத்தம் 258 மீட்டர். ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 42 நொடி. ஆக, பெண் அழைப்பிலிருந்து தாலிகட்டு வரைக்கும் 42 நிமிஷக் கல்யாணம் மொட்டைமாடியில் பறந்தது. ஒரு காக்காய் இறங்கவில்லை.

சித்தி அழுதே விட்டார். அப்பத்தாவுக்கு அது விளங்கவில்லை. "கல்யாணந்தான் நடந்துருச்சே, இனி அது எதுக்கு?" என்றது.

ஐப்பசியில் அப்பத்தா போய்ச் சேர்ந்தது. இந்தப் பங்குனிக்குத் தராசுக் கணக்குப்படி வத்தல் போட்டார்கள். உப்பு சரியாகவே இருந்தது. எழுத்து மட்டும் யாருக்கும் வரவில்லை. பால் பாக்கெட் இரண்டு கிழிந்து, 'ப' எழுதப்போய் ஏதோ வட்டமாக வந்தது.

மிச்சக் கேசட்டை இப்போதுதான் சித்தப்பா பென் டிரைவில் ஏற்றக் கொடுத்தார். வெயிலில் சுருங்கித் தூசி பிடித்த நாடாவை ஓட்டினால் மெஷினே கெட்டுப்போகும் என்று கடைக்காரர் அதைத் தொடவில்லை. உள்ளே சுற்றியிருந்ததை மட்டும் முனை ஒட்டி ஓட விட்டார். படம் பந்தியில் தொடங்குகிறது. முதல் வரிசையில் அப்பத்தா. பரிமாறின வத்தலை ஒரு கடி கடித்து, இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்து என்னவோ சொல்கிறது. நாதஸ்வரச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. நாலு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. உதட்டை வைத்துப் பார்த்தால் அதில் 'உப்பு' இருப்பது மட்டும் உறுதி.