கருப்பட்டியின் தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்புப் புள்ளிகள்

என் பாம்பு கருப்பட்டி மூன்று நாளாகத் தண்ணீர்க் கிண்ணத்தைவிட்டு வெளியே வரவில்லை. சட்டை உரிக்கப் போகிறது, அதனால்தான் ஊறிக் கிடக்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உரிக்கும் முன் கண்ணில் பால் படிந்தாற்போல் ஒரு மங்கல் வரும். அது வரவில்லை என்பதைப் பார்த்தும் விட்டுவிட்டேன். நான்காம் நாள் தண்ணீர் மாற்றக் கிண்ணத்தை எடுத்தால், அடியில் மிளகுத்தூள் கொட்டினாற்போல் கறுப்புப் புள்ளிகள். ஒன்றை விரல் நுனியில் எடுத்தேன். செத்ததுதான் என்று நினைத்தேன், மெதுவாக நடக்க ஆரம்பித்தது.

நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். மாடியில் ஒரு சின்ன அறை முழுக்கப் பாம்புப் பெட்டிகள். ராயல் பைத்தான் இரண்டு (கருப்பட்டி, கற்கண்டு), கார்ன் ஸ்நேக் இரண்டு (மிளகாய், அதன் குட்டித் தங்கை போல ஒன்று, இன்னும் பெயர் வைக்கவில்லை), புதிதாக வந்த கென்ய மணல் போவா ஒன்று, பெயர் சுண்டல். இவை எதற்கும் இங்கே உரிமம் வேண்டாம். ஊரில் என்றால் கதை வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நம் ஊர்ப் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்க்க முடியாது, முடியாததும் நல்லதுதான்.

அந்தப் புள்ளிகள் பாம்பின் ரத்தம் குடிக்கும் உண்ணிகள். அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்த குற்றவாளி சுண்டல்தான். இல்லை, குற்றவாளி நான். புதுப் பாம்பை இரண்டு மூன்று மாதமாவது வேறு அறையில் தனியாக வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். குளியலறையில்தான் வைத்திருந்தேன். ஜனவரிக் குளிர், அங்கே சூடு நிற்கவில்லை, நான்காம் நாளே மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். மணலுக்குள் புதைந்தே கிடக்கும் பாம்பு அது. மேலே என்ன ஊர்கிறது என்று யார் பார்த்தார்கள்?

அன்றிரவு எல்லாப் பாம்பையும் எடுத்துப் பார்த்தேன். ஈரமான வெள்ளை கிச்சன் பேப்பரைக் கையில் சுற்றி, தலையிலிருந்து வால் வரை ஒருமுறை உருவினால் போதும், புள்ளிகள் பேப்பரில் தெரியும். கருப்பட்டிக்கு முப்பதுக்கு மேல், கற்கண்டுக்கு ஆறு. மிளகாய்க்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியானபோது, தாடைக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. கருப்பட்டியைப் போனில் மேக்ரோவில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன். கண்ணைச் சுற்றியுள்ள செதில் விளிம்பில், ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணிகள் நாவற்பழ நிறத்தில் மினுங்கின. முதுகில் வெள்ளையாகத் தூள். யாரோ திருநீறு தூவினாற்போல. அது அவற்றின் கழிவு. பல நாளாகவே இருந்திருக்கும், தூசி என்று நினைத்திருக்கிறேன்.

ஆஃபியோனிசஸ் நாட்ரிசிஸ் என்பது இதன் பெயர். பாம்பு வளர்ப்பவர்கள் மைட் என்றே சொல்வார்கள். நான் உண்ணி என்றே எழுதுகிறேன். ஜோசப் கேமின் என்பவர் 1953இல் இதன் வாழ்க்கையை உட்கார்ந்து கவனித்து எழுதினார், இன்றும் எல்லோரும் அதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். முட்டை, ஆறுகால் புழு, அப்புறம் இரண்டு இளம்பருவம், கடைசியில் பெரியது என்று ஐந்து நிலை. இதில் முதல் இளம்பருவமும் பெரியதும் மட்டும்தான் ரத்தம் குடிக்கும். மற்ற நேரமெல்லாம் அவை பாம்பின் மேல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முட்டையைப் பெட்டியின் இடுக்கில் இடும். ஒரு பெண் ஆயுளில் 60, 80 வரை இடும். இந்த வரியை நான் முதல் நாளே படித்தேன். படித்தும் புரிந்துகொள்ளவில்லை.

முதல் சுற்று இப்படிப் போனது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாதி உடல் மூழ்கும் அளவுக்கு அரை மணி நேரம் ஊற வைத்தேன். கூடவே உட்கார்ந்திருந்தேன், தனியாக விடக்கூடாது. உடலில் இருப்பவை மூழ்கிச் சாகும், ஆனால் கெட்டிக்காரத்தனமான சில, தண்ணீருக்கு மேலே இருக்கும் தலைக்கு ஏறிவிடும். அதற்குக் காது குடையும் பஞ்சில் ஒரு பொட்டு ஆலிவ் எண்ணெய் தொட்டு, கண் ஓரத்திலும் தாடைப் பள்ளத்திலும் தடவினேன். கடையில் விற்கும் ‘இயற்கை’ ஸ்பிரே ஒன்றையும் அடித்தேன். நல்ல வாசனை, வேறு பயன் தெரியவில்லை. பெட்டியைத் துடைத்தேன், மரத்தூளை மாற்றினேன். பதினொன்றாம் நாள் பேப்பரில் ஒரு புள்ளிகூட இல்லை. முடிந்தது என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் கற்கண்டின் கிண்ணத்தில் மறுபடி மிளகுத்தூள்.

அந்த வாரம் அம்மாவிடம் பேசும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நாமக்கல் பக்கம் எங்கள் வீட்டில் எப்போதும் கோழி உண்டு. “பாம்புக்குப் பேனா?” என்று முதலில் சிரித்தார். அப்புறம், “செள்ளு மாதிரி இருக்குமாடா? பகல்ல கோழிமேல தேடுனா இருக்காது, பாத்திருக்கியா? கூண்டுப் பலகை இடுக்குல இருக்கும். நீ கோழியக் கழுவிக்கிட்டு இருக்க, கூண்ட விட்டுட்ட” என்றார். பாம்பு என்றாலே போனை வைத்துவிடும் அம்மா. இருபது நிமிடம் எங்கள் பழைய கூண்டில் சுண்ணாம்பு அடித்த கதையெல்லாம் சொன்னார்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கருப்பட்டியின் பெட்டி மூடியைத் திருப்பிப் பார்த்தேன். மூடியின் உள் விளிம்பு, காற்றுத் துளைக்குப் பக்கத்தில், வெளிறிய ஜவ்வரிசியை நூறாக உடைத்தாற்போல் முட்டைகள். வெப்பப் பாயின் வயர் நுழையும் ஓட்டையில் இன்னும். அலமாரிப் பலகைகள் சேரும் மூலையில் இன்னும். என் பெட்டிகளின் சூடான பக்கம் 31 டிகிரி; அந்தச் சூட்டில் ஓரிரு நாளில் முட்டை பொரியும், ஒன்றிரண்டு வாரத்தில் அதுவே முட்டையிடும். அவற்றுக்கு அடைகாக்கும் பெட்டியை நானே மின்சாரம் கட்டி நடத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் சுற்று பாம்பைவிட அறையோடு நடந்த சண்டை. அடியில் மரத்தூள் கிடையாது, வெறும் கிச்சன் பேப்பர். இரண்டு நாளுக்கு ஒருமுறை சுருட்டிக் கட்டி வெளித் தொட்டியில். ஒளிந்துகொள்ளும் இடத்துக்குத் தானியப் பெட்டி அட்டையை வெட்டி வைத்தேன், அதுவும் பேப்பரோடு போகும். மரப்பட்டை, கிளை எல்லாம் தூக்கிப் போட்டேன். ஒரு கார்க் பட்டைக்கு 22 பவுண்டு கொடுத்திருந்தேன், அதைப் போடும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினேன். பெட்டிகளுக்குக் கொதிநீர். அலமாரி இடுக்குகளுக்கு வாக்குவம், அதன் பை உடனே குப்பைக்கு.

கருப்பட்டியையும் கற்கண்டையும் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனேன். ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி மருந்தைத் துணியில் நனைத்துத் துடைக்கும் முறையை அவர் காட்டினார். முகத்தில் நேராக அடிக்கவே கூடாது, அளவும் இடைவெளியும் அவர் சொன்னதுதான். அதை இங்கே எழுத மாட்டேன், எடையைப் பொறுத்து மாறும். கருப்பட்டிக்கு எடை 1,480 கிராமிலிருந்து 1,390க்கு இறங்கியிருந்தது. ஆமை வளர்ப்பவர்கள் யாராவது படித்தால் ஒன்று: உண்ணிக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான ஐவர்மெக்டினை ஆமைக்குக் கிட்டக்கூடக் கொண்டுபோகாதீர்கள், கொன்றுவிடும்.

அறுபது கிராம்கூட இல்லாத குட்டி கார்ன் ஸ்நேக்குக்கு மருந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கும் மிளகாய்க்கும் சுண்டலுக்கும் வேட்டை உண்ணி வாங்கினேன். செயிலீட்டஸ் எருடிடஸ், தானியக் கிடங்குகளில் மற்ற உண்ணிகளைத் தின்று வாழ்வது; பாம்பைத் தொடாது. சின்னக் குழாயில் உமி போன்ற ஒன்றோடு வந்தது. தூவிவிட்டுக் குனிந்து பார்த்தேன், மங்கலான ஒரு புள்ளி கறுப்புப் புள்ளி ஒன்றின் காலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தேன், விடவில்லை. மருந்து பட்ட பெட்டியில் இதை விட்டால் இதுவே செத்துப்போகும், அதனால் இரண்டையும் கலக்கவில்லை. இரை தீர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடுமாம்.

இந்தத் தடவை சுவரில் காலண்டர் மாட்டினேன். புள்ளி தெரியாத நாளையும் எழுதினேன், பூஜ்ஜியம் என்று. 26ஆம் நாள் நாலு, 29இல் ஒன்று, 33இல் பூஜ்ஜியம். 37ஆம் நாள் மறுபடி ஒன்று. முதல் தடவையாக இருந்தால் அதற்கு முன்பே நிறுத்தியிருப்பேன். ரத்தம் கிடைக்காத இளம்பருவமே இரண்டு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும் என்பதால், கடைசிப் புள்ளிக்குப் பிறகு ஆறு வாரம் எண்ணினேன். பேப்பர் மாற்றும் வேலை சலித்துப்போய், ஒரு வாரம் என் மனைவியே மாற்றினார், கையுறையோடும் என்மேல் கோபத்தோடும்.

சுண்டல் இப்போது மறுபடியும் குளியலறையில், இந்த முறை ஹீட்டரோடு. பல் தேய்க்கும்போது அதன் பெட்டியை நகர்த்தித்தான் நிற்க வேண்டியிருக்கிறது. கருப்பட்டி இரண்டு மாதத்துக்குப் பிறகு நேற்று முதல் எலியைத் தின்றது. தின்றுவிட்டுக் கிண்ணத்துக்குள் போய்ப் படுத்தது. உடனே எடுத்து, தண்ணீரைக் கொட்டி, வெள்ளைத் தட்டில் வடிகட்டிப் பார்த்தேன்.

பூஜ்ஜியம்.