சிங்கப்பூர் விருந்தாளிகளும் இருபத்திரண்டு தீர்த்தமும்

ராமேஸ்வரம் போகிற வழியில், பாம்பன் பாலத்துக்கு இக்கரையில் இருக்கும் மண்டபம் ஊரில் வீடு இருப்பவனுக்கு உறவுக்காரர் பஞ்சமே கிடையாது. தோஷம் கழிக்க வருகிறவர்கள், ஆடி அமாவாசைக்கு வருகிறவர்கள், "சும்மா கடலைப் பாத்துட்டுப் போலாம்னு" வருகிறவர்கள், எல்லோரும் நம் வீட்டில் ஒரு ராத்திரி படுத்து எழுந்துதான் பாம்பனைத் தாண்டுவார்கள். அதனால் ஊர் சுற்றிக் காட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம். ஆனால் இதுவரை வந்தவர்கள் எல்லாம் சொன்ன இடத்தில் இறங்கி, சொன்ன இடத்தில் கும்பிட்டு, சொன்ன நேரத்துக்கு வண்டி ஏறுகிறவர்கள். ஜூன் முதல் வாரம் சிங்கப்பூரிலிருந்து அக்கா குடும்பம் வந்தது. கூடவே ஆறு வயதில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று.

அத்தான் எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவர். விமானம் ஏறுவதற்கு முன்பே வாட்ஸப்பில் அட்டவணை வந்துவிட்டது. காலை 5.30 அக்னி தீர்த்தம், 7.00 தரிசனம், 8.30 டிபன், 9.15 கலாம் நினைவிடம் என்று கால் மணிக் கணக்கில். அத்தானின் அம்மாவுக்கு, அதாவது எங்கள் அத்தைக்கு, ஒரே ஒரு கோரிக்கைதான். "தம்பி, எனக்கு வேற எதுவும் வேணாம். இருபத்திரண்டு தீர்த்தம் ஆடிட்டேன்னா நிம்மதியா கண்ணை மூடிருவேன்."

"பத்து வருஷமா இதேதான் சொல்றாங்க மாப்ளே, நீ பாட்டுக்கு ஓட்டு" என்றார் அத்தான்.

5.30 அக்னி தீர்த்தம் என்றால் ஐந்து மணிக்குள் கிளம்ப வேண்டும். சின்னவளின் இடது கால் செருப்பைத் தேடி எடுத்துக் கிளம்பும்போது ஆறேமுக்கால். ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. சாலைப் பாலத்தில் ஏறும்போது நன்றாக விடிந்து, பக்கத்தில் புது ரயில் பாலம் பளிச்சென்று தெரிந்தது. நான் என் வழக்கமான உரையை ஆரம்பித்தேன். 1914-ல் கட்டிய பழைய பாலம், அதை ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறந்தது, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், அதன் நடுவில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போவது.

"எப்ப மேல போகும் மாமா?" என்றான் பெரியவன்.

"கப்பல் வந்தா போகும்."

"கப்பல் எப்ப வரும்?"

"வரும்போது வரும்டா."

"ஆப்ல போட்டிருக்குமே, எத்தனை நிமிஷம்னு?"

பஸ் வரும் நிமிஷத்தைக் கைபேசியில் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல? அந்த நேரம் பார்த்துச் சின்னவள் "சூசூ" என்றாள். ரெண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம், நாங்கள் சரியாக நடுவில். முன்னால் இரண்டு வேன்காரர்கள் ஓரங்கட்டி போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, பின்னால் பஸ்காரர் ஹாரனில் இருந்து கையையே எடுக்கவில்லை. "அடக்கிக்கோ கண்ணு, கீழ சேது சமுத்திரம்" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நல்லவேளை, ரயில் வந்தது. பழைய பாலம் இருந்தவரை எங்கள் ஊர் ரயில் அதன் மேல் கல்யாணப் பெண் போல அடிமேல் அடி வைத்துத்தான் வரும். பிள்ளைகள் இரண்டும் கை ஆட்ட, ஜன்னல் ஜன்னலாக எல்லோரும் திருப்பி ஆட்டினார்கள். சின்னவளுக்கு வந்த வேலையே மறந்துபோயிற்று. பாம்பனில் இறங்கி முதல் உடைமரத்தைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது.

ராமேஸ்வரம் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. அத்தான் தன்னுடையதை ஒப்படைத்துவிட்டு வந்தார். அட்டவணையும் அதற்குள்ளேயே இருந்ததால் அன்றைய திட்டம் அதோடு முடிந்தது.

தீர்த்தமாடுகிற முறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் எதிரே அக்னி தீர்த்தம், அதாவது கடலிலேயே ஒரு முழுக்கு. பிறகு ஈரத்துணியோடு கோயிலுக்குள் போய், ஒவ்வொரு தீர்த்தமாக வரிசை பிடித்து நிற்க வேண்டும். கிணற்றுக் கட்டை மேல் வாளியும் கயிறுமாக ஒருவர் நிற்பார். சரசரவென்று இறைத்து, நம் தலை இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்து ஊற்றுவார்.

மகாலட்சுமி தீர்த்தத்தில் முதல் வாளி விழுந்ததும் பெரியவன் மூச்சுத் திணறி நின்றான். அழப்போகிறான் என்று அக்கா துண்டை விரித்தாள். அவன் முகத்தை வழித்துவிட்டு மேலே பார்த்து, "இன்னொண்ணு!" என்றான். சாவித்திரி, காயத்திரி, சரஸ்வதி மூன்றும் முடிவதற்குள் ஆள் தேறிவிட்டான். வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து நிற்பது, கண்ணை மூடாமல் வாளியை எதிர்கொள்வது, அடுத்த கிணற்றுக்கு எல்லோருக்கும் முன்னால் ஓடுவது என்று ஒரே அமர்க்களம். ஒவ்வொரு தீர்த்தமும் ஒவ்வொரு ருசி என்பார்கள். நமக்கு அதையெல்லாம் கவனிக்க ஏது பொறுமை? அவன் கவனித்தான். "நள தீர்த்தம் ஓகே. நீல தீர்த்தம் சூப்பர். இது கொஞ்சம் உப்பு மாமா."

சக்கர தீர்த்தத்தில் இறைத்தவர், "தம்பி எந்த ஊரு?" என்றார்.

"சிங்கப்பூர்."

"அங்க தண்ணி விட மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாளி உபரியாக ஊற்றினார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏப்பா, பச்சப்புள்ளைக்கு ரெண்டு வாளி, எனக்கு ஒண்ணுதானா? பாவம் எனக்குத்தானே ஜாஸ்தி?"

நியாயமான கேள்வி. அவருக்கும் ஒன்று கூடுதலாகக் கிடைத்தது. கங்கை, யமுனை, கயா எல்லாம் தாண்டி, கடைசியாகக் கோடி தீர்த்தம் முடிந்ததும் பெரியவன் பாட்டியின் ஈரச் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"பாட்டி, ஃபர்ஸ்ட்லேர்ந்து திரும்பப் போலாமா?"

"இருந்த பாவமெல்லாம் போயிருச்சு கண்ணு. திரும்பப் போகணும்னா திரும்பப் பாவம் பண்ணணும்."

"பாவம்னா என்ன?"

"தங்கச்சியைக் கிள்ளுற பாரு, அதுதான்."

அவன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. எட்டி அவளை ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, மகாலட்சுமி தீர்த்தத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தான். ஈர வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அத்தான் பின்னாலேயே ஓடினார்.

துணி மாற்றிக்கொண்டுதான் சுவாமி தரிசனம். மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண் என்று சொல்லி எண்ணச் சொன்னேன். நாற்பது வரை அமைதி நிலவியது. பேய்க்கரும்பில் கலாம் நினைவிடத்தைச் சின்னவள் தூக்கத்திலேயே பார்த்து முடித்தாள்.

தனுஷ்கோடி போகும்போது தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை அள்ளிக் கணுக்காலில் அடித்தது. சீலா மீன் வறுவல் வேண்டும் என்று அத்தானுக்கு ஒரே ஆசை. ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம், இப்போது போய்ச் சீலா கேட்டால் கடைக்காரர் நம்மைத்தான் வறுப்பார் என்றேன். நாட்டுப்படகில் வந்த சின்ன மீனைப் பொரித்துத் தந்தார்கள். பெரியவர்கள் முள் எடுத்துச் சாப்பிட, பிள்ளைகள் சிப்ஸ் பாக்கெட்டோடு திருப்தி அடைந்தார்கள்.

இடிந்த சர்ச்சின் முன்னால் பெரியவன் வெகுநேரம் நின்றான்.

"யாரு உடைச்சா?"

"புயல்டா. 1964-ல, டிசம்பர் மாசம். ரயிலையே கடல் கொண்டுபோயிருச்சு."

"அப்ப ஏன் இன்னும் கிளீன் பண்ணல?"

இதற்கு நீங்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

அரிச்சல்முனையில் என் உரையின் கடைசிப் பகுதி. வலது பக்கம் இரைகிறதே, அது ஆண் கடல். இடது பக்கம் குளம் மாதிரி கிடப்பது பெண் கடல். "பெண் கடல் சாதுன்னு நினைச்சுராதீங்க அத்தான், ஐப்பசி கார்த்திகையில வாடைக் காத்து கிளம்புச்சுன்னா அது ஆடுற ஆட்டத்தைப் பாக்கணும்" என்றேன். "எனக்குச் சொல்றியா மாப்ளே" என்று அக்கா பக்கம் திரும்பாமலே சொன்னார்.

அப்போது அக்காவின் கைபேசியில் டிங் என்று ஒரு சத்தம். ஸ்ரீலங்கா வரவேற்கிறதாம். அத்தான் பாய்ந்து, "எல்லாரும் போனை ஃப்ளைட் மோடுல போடுங்க, ரோமிங் பில்லு தீட்டிருவான்" என்று அலறினார். பக்கத்தில் நின்ற மதுரைக்காரக் குடும்பமும் பயந்துபோய் அணைத்தது.

"மாமா, ஸ்ரீலங்கா வந்துட்டமா? பாஸ்போர்ட்டே கேக்கல?" என்றான் பெரியவன்.

அத்தை நெற்றியில் கை வைத்துக் கடலைப் பார்த்தார். "அந்தா தெரியுதே, அதுதானே தம்பி?"

"அது மேகம் அத்தை."

"இருக்கட்டும்" என்று ஒரு கும்பிடு போட்டார்.

ராத்திரி வீட்டில் பெட்டி கட்டும் படலம். கீழக்கரைத் தொதல், குண்டு மிளகாய், நாலு சுற்று பேப்பரில் பொதிந்த கருவாடு என்று அக்கா எடை பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று உள்ளறையில் அத்தையின் அலறல். போய்ப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நிற்கிறார். பெரியவன் பொறுக்கி வந்த சங்குப் பையிலிருந்து ஒரு சங்கு தானாக இறங்கி, தரையில் நடந்துபோய்க்கொண்டிருந்தது. உள்ளே குடியிருந்த நண்டு வெளியே கிளம்பியிருக்கிறது. அக்காவும் கட்டிலில் ஏறினாள். அத்தான் கொஞ்சம் யோசித்துவிட்டு அவரும் ஏறினார்.

"அது என் ஃபிரெண்டு. ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று பெரியவன் ஒரே அழுகை. சாங்கி விமான நிலையத்தில் இறங்கினால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், அதற்கு விசா கிடையாது, உன்னையும் சேர்த்து உட்கார வைத்துவிடுவார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். கடைசியில் பிளாஸ்டிக் டப்பாவில் நண்டை எடுத்துக்கொண்டு, அவனை முன்னால் உட்கார வைத்து, பதினோரு மணிக்குப் பைக்கை எடுத்தேன்.

தெருமுனையில் அவன் கேட்டான்: "மாமா, இது ஆண் கடல் நண்டா, பெண் கடல் நண்டா? மாத்தி விட்டுட்டா அதுக்கு வீடு தெரியாதே?"