முழங்காலுக்குள் ஒரு கரையும் திருகு

ஷட்டில் ஆடும்போது முழங்கால் லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) கிழிந்தது. "கரையும் ஸ்க்ரூ போட்டுடலாம்" என்றார் டாக்டர். ஏதோ சர்க்கரை மாதிரி கரைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தால், எலும்புக்குள் திருகின் மரைகூட அப்படியே தெரிகிறது!

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். என்னுடையது பாலிலாக்டிக் அமிலம் என்ற, கரையக்கூடிய ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்த திருகு. உடம்பின் நீர் அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல வெட்டுகிறது. கடைசியில் மிஞ்சுவது லாக்டிக் அமிலம். ஓடினால் நம் தசையிலேயே ஊறும் சரக்குதான். உதிரும் துணுக்குகளை மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்கள் விழுங்கும். துண்டு பெரிதென்றால் பல செல்கள் ஒன்றாய் இணைந்து, ராட்சத செல்லாகி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். அமிலம் ஓரிடத்தில் தேங்கினால்தான் வம்பு: சுற்றியுள்ள எலும்பு அரிபடும், நீர்க்கட்டி வரலாம். அதைத் தணிக்கத்தான் சில திருகுகளில் கால்சியம் பாஸ்பேட் கலக்கிறார்கள்.

உடம்புக்குள் கரையும் இன்னொரு பொருளான மக்னீசிய உலோகத்தின் கதை இன்னும் மோசம். 1907-இல் பெல்ஜிய மருத்துவர் லாம்போட், உடைந்த காலெலும்பில் மக்னீசியத் தகட்டை எஃகு ஆணிகளோடு பொருத்தினார். எட்டே நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் வாயு உப்பிவிட்டது.

எனக்கு அப்படியெல்லாம் இல்லை. சம்மணம் போட்டால் மட்டும் லேசாகச் சுருக்கென்கிறது.