ஹாஸ்டல் தண்ணீரை டெஸ்ட்டுக்குக் கொடுப்பதற்குள்…

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, கல்லூரிகளையே மூடினார்கள். அதைச் சொன்னதும் வார்டன் உடனே அனுமதி கொடுத்துவிட்டார். லேபில் தண்ணீரை வாங்க வைத்ததுதான் பெரும்பாடு.

முதல் நடை வீண். கழுவிய கூல்டிரிங்ஸ் பாட்டிலைப் பார்த்ததுமே கவுண்ட்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடுப்பாக இருந்தாலும் நியாயம் அவர்கள் பக்கம்தான். கிருமிநீக்கிய பாட்டில் வேண்டும். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் அதற்குள் சோடியம் தயோசல்பேட்டும் இருக்க வேண்டும். இல்லையென்றால் போகிற வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும், கெட்ட தண்ணீருக்கும் 'நல்ல தண்ணீர்' என்று ரிப்போர்ட் வரும். முதல் நாளே லேபில் பாட்டில் கேட்டு வாங்குங்கள். சுத்தம் பார்க்கிறேன் என்று அதைக் கழுவிவிடாதீர்கள். எங்கள் இரண்டாவது நடை அப்படித்தான் போனது.

குழாயை 2, 3 நிமிடம் ஓடவிட்டு, விளிம்புவரை நிரப்பாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் 6 மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் போகவே போகாதீர்கள். லேபில் கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள் (கல்ச்சர்), அதை 24, 48 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை வா என்பார்கள்.

ரிப்போர்ட் வந்தது: மாடிக் குழாய்த் தண்ணீர் சுத்தம். மெஸ் குழாயில் ஈ.கோலி என்ற குடல் கிருமி. இந்த டெஸ்ட் காலராக் கிருமியைத் தேடாது. ஆனால் தண்ணீரில் மலம் கலக்கிறது என்று சொல்லிவிடும். காலரா வரும் வழியும் அதுதானே.

ஸ்டோரில் பிரித்துக் கிடந்த ப்ளீச்சிங் பவுடர் கட்டிதட்டி, நெடியே இல்லை. தூக்கிப் போட்டோம். 33 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடர் என்றால் 1000 லிட்டருக்கு 6 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து, கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

மேல்தொட்டியில் அப்படிப் போட்டுவிட்டு, குளோரின் இருந்தால் நிறம் காட்டும் குளோரோஸ்கோப்பில் பார்த்தோம். மாடிக் குழாய்த் தண்ணீர் மஞ்சளானது. மெஸ் குழாய்த் தண்ணீர் நிறமே மாறவில்லை! பிளம்பர் பைப்பைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தார்: மெஸ்ஸுக்கு சம்ப்பிலிருந்து தனி மோட்டார், மேல்தொட்டியோடு சம்பந்தமே இல்லை. சம்ப் மூடியில் விரிசல், இரண்டடியில் கழிவுநீர்த் தொட்டி. அதன்பின் சம்ப்பைக் கழுவி, மூடியை மாற்றி, அங்கேயும் குளோரின் போட்டோம். கழிவுநீர்த் தொட்டியை நகர்த்தும் ஃபைல் இன்னும் நகரவில்லை.

இன்னொன்று: பரீட்சை நேரமென்று லூஸ் மோஷனை நிறுத்த மாத்திரை போடுகிறவர்கள் அதிகம். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிப் போனால் காலராவாக இருக்கலாம், மாத்திரையை விட்டுவிட்டு ஓ.ஆர்.எஸ். குடித்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைக்காதீர்கள், உப்பு ஏறிவிடும்.